புல்தளத்தில் எழும்புதல்: பாதித் தூரத்தில் ஒரு கொடி

வீட்டில் கட்டிய சிறு விமானம் ஒன்று புல்தரையில் ஓடி, எழும்பியும் எழும்பாமலும் வரப்பில் மோதிக் கிடந்தால், பார்க்க வந்தவர்கள் சொல்லும் முதல் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டில் செய்ததாயிற்றே, எங்கேயாவது விட்டுப்போயிருக்கும். வெல்டிங், பசை, துணி, ஆணி என்று சந்தேகம் பொருளின் மேல் போகிறது. கட்டியவரும் அதே தடத்தில்தான் யோசிக்கிறார். அடுத்த முறை குழாய்களைத் தடிமனாகப் போடுகிறார், எடை கூடுகிறது, எழும்ப ஓட வேண்டிய தூரமும் கூடிவிடுகிறது. கட்டுமானம் உடைந்து விழும் விபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புல்தளத்தில் எழும்பும் அந்த அரை நிமிடத்துக்கே உரிய விபத்து ஓடுதள மீட்டர் பற்றாக்குறையால் வருகிறது. அந்தப் பற்றாக்குறை எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே தாளில் தெரியும். தாளில் தப்பினாலும் ஓட்டத்தின் முதற்பாதியில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் த்ராட்டிலை மூடாமல் இருப்பதுதான் விபத்து. ஆகவே இந்த இயலில் நான் கேட்பது இரண்டு: ஒரு பெருக்கல் கணக்கு, தளத்தின் ஓரத்தில் ஒரு கொடி.

சொந்தமாக விமானம் கட்டுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜாக்கமோ டி ஆஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியின் பட்டறையில் தன் விமானத்தைச் செய்வித்து 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். 2014இல் கேரளத்துத் தொடுபுழைப் பக்கத்தைச் சேர்ந்த, பேசவும் கேட்கவும் இயலாத சஜி தாமஸ் தானே கட்டிய சிறு விமானம் அம்பாசமுத்திரம் அருகே மணிமுத்தாற்றில் பறந்தது. அதைச் சோதித்தவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. மும்பை காந்திவலியில் மொட்டைமாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவுக்கு 2017இல் பதிவு எண் கிடைத்தது. 2020இல் சோதனைப் பறப்புகள் துலே விமானதளத்தில் நடந்தன. கட்டிய இடம் மாடியானாலும், சோதனைப் பறப்புக்கு யாதவ் தேடிப்போனது நீளமான, கெட்டியான ஓடுதளத்தை. விமானம் இன்னும் அளக்கப்படாத நிலையில் தரையாவது அளந்ததாக இருக்கட்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். இரண்டுமே தெரியாதவை என்றால் அது சோதனை ஆகாது, குருட்டாம்போக்கு.

வீட்டு விமானங்கள் அதிகமாக விபத்துக்குள்ளாகின்றன என்பதை மறுக்க முடியாது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டுச் சிறு விமானங்களில் சுமார் 10 விழுக்காடுதான் சொந்தக் கட்டுமானம். ஆனால் 2011இல் நடந்த விபத்துகளில் சுமார் 15 விழுக்காடும், உயிர்ப்பலி விபத்துகளில் 21 விழுக்காடும் அவற்றின் கணக்கில் வந்தன. இந்த எண்களைக் காட்டி, பார்த்தீர்களா, வீட்டு வேலை நம்பத்தகாதது என்று முடித்துவிடலாம். ஆனால் அதே ஆய்வு முன்னிறுத்தும் காரணங்கள் எஞ்சின் கோளாறும், பறப்பில் கட்டுப்பாடு இழப்பதும். இறக்கை பிய்ந்து விழுவது முன்வரிசையில் இல்லை. புதிதாகக் கட்டியதன் தொடக்க மணி நேரங்களிலும், கட்டியவரிடமிருந்து வாங்கிய புது உரிமையாளரின் கையிலும் விபத்துகள் குவிகின்றன என்பது அதைவிட முக்கியமான செய்தி. அதாவது விமானத்தைப் பற்றிய எண்கள் ஓட்டுபவரிடம் இல்லாத காலத்தில். எரிபொருள் அமைப்பைச் சோதித்துக் காட்ட வேண்டும், பறப்புச் சோதனைத் திட்டம் வேண்டும், முடிவில் அந்த விமானத்துக்கே உரிய கையேடு வேண்டும் என்று அந்த வாரியம் பரிந்துரைத்ததும் இதனால்தான். தொழிற்சாலை விமானத்துக்கும் வீட்டு விமானத்துக்கும் இடையில் கண்ணில் படும் வேறுபாடு கைவேலை. உயிரைக் காக்கும் வேறுபாடு அளவுப் புத்தகம்.

அளவு எப்படி மாறுகிறது என்பதைச் செஞ்சிக்கு அருகே தளவானூர்ப் பக்கத்து நிலத்தை வைத்தே கணக்கிடுவோம். மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் இருக்கும் அந்தப் பாறைக்குன்றைச் சுற்றிலும் நெல்லும் மல்லாட்டையும் போடும் வயல்கள், நடுவே கரம்புகள். அப்படி ஒரு கரம்பைச் சமப்படுத்தி 400 மீட்டர் புல்தளம் போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காகப் போட்ட தளம். அங்கே உண்மையில் விமானதளம் எதுவும் இல்லை. விமானத்தின் வரைபடத்தோடு வந்த தாள், 50 அடி உயரத்தைத் தாண்ட 250 மீட்டர் போதும் என்கிறது. 250க்கு 400 தாராளம் என்று மனம் சொல்லும். ஆனால் அந்த 250 எந்த நிலையில்? கடல் மட்டம், 15 டிகிரி செல்சியஸ், காற்றில்லை, தார்த் தளம், வடிவமைப்பாளர் சொன்ன எடை. இந்த ஐந்தில் காற்றில்லாமை ஒன்றுதான் நம் ஊரில் சில நாள் வாய்க்கும். 50 அடி என்பதை இங்கே விளக்கவே வேண்டாம், வளர்ந்த பனைமரம்தான் அது.

பிரிட்டனின் சிவில் விமான ஆணையம் சிறு விமானிகளுக்காக வெளியிட்ட பெருக்கல் எண்கள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. எடை 10 விழுக்காடு கூடினால் தூரத்தை 1.2 ஆல் பெருக்க வேண்டும். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடுவதற்கும் 1.1. தள உயரம் ஒவ்வோர் 1000 அடிக்கும் 1.1. கெட்டி மண்ணில் காய்ந்த புல்லுக்கு 1.2, ஈரப்புல்லுக்கு 1.3. மண்ணே இளகியிருந்தால் குறைந்தது 1.25. நூற்றுக்கு இரண்டு ஏற்றச் சரிவுக்கு 1.1. எழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பின்காற்று அடித்தால் 1.2. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கி, கடைசியில் பாதுகாப்புக்காக 1.33. கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இப்போது கத்திரி வெயில் நண்பகல், 40 டிகிரி. 15க்கு மேல் 25 டிகிரி என்பதால் பெருக்கல் எண் 1.27, 250 மீட்டர் 317 ஆகிறது. தளம் 300 அடி உயரத்தில் இருப்பதாகக் கொண்டால் 327. காய்ந்த புல்லுக்கு 392. சொந்தக் கட்டுமானம் வடிவமைப்பாளர் சொன்ன எடையில் நிற்பது அபூர்வம். கூடுதல் பெயின்ட், கூடுதல் கருவி, மெத்தை வைத்த இருக்கை என்று 10 விழுக்காடு ஏறியிருந்தால் 471. தாராளமாகத் தெரிந்த 400 மீட்டர், பாதுகாப்பு எண்ணைத் தொடுவதற்கு முன்பே போதாமல் போயிற்று. 1.33ஐயும் சேர்த்தால் 626. இதில் எந்த ஆணியும் கழன்றதாக நான் சொல்லவில்லை, எஞ்சின் முழு வலுவோடு ஓடுகிறது. மேலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் எழும்பும் விமானத்துக்கு 8 கிலோமீட்டர் பின்காற்று, அதாவது முகத்தில் பட்டால் சுகமாக இருக்கும் அளவு மென்காற்று, சேர்ந்தால் கணக்கு 750ஐத் தொடுகிறது. அதனால்தான் எதிர்காற்றில் பாதியை மட்டும் வரவில் வை, பின்காற்றை ஒன்றரை மடங்காகச் செலவில் எழுது என்பது விமானிகளின் வழக்கம். செஞ்சி மலைகளும் பாறைக் குவியல்களும் உள்ள பக்கத்தில் காற்று மடங்கித் திரும்புவதால், தளத்தின் ஒரு முனையில் மட்டும் காற்றுப்பை கட்டிவிட்டு நம்புவது சரியில்லை. இரு முனையிலும் கட்டுங்கள்.

புல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன 1.2 குட்டையான, கெட்டி மண்ணில் நிற்கும் புல்லுக்கான எண். புல் உயரம் சக்கரத்தின் விட்டத்தில் சுமார் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பழைய விதி. சிறு விமானத்தின் சக்கரம் ஓர் அடிக்கும் சற்று மேல் என்றால் நான்கு அங்குலம். அருகம்புல் படர்ந்த இடம் நல்லது. கோரை முளைத்த இடம், அடியில் ஈரம் தங்குவதைக் காட்டிக்கொடுக்கும். செம்மண் கோடையில் பாறை போல இறுகியிருக்கும், ஐப்பசி மழைக்குப் பின் மேலே காய்ந்தாற்போல் தெரிந்தாலும் உள்ளே இளகிக் கிடக்கும். குதிகாலை ஊன்றி அழுத்துங்கள்; தடம் பதிந்தால் 1.25ஐக் கணக்கில் எழுதுங்கள். நவம்பர் மாதம் 28 டிகிரி, ஈரப்புல், இளகிய மண், அதே கூடுதல் எடை என்று பெருக்கினால் பாதுகாப்பு எண்ணோடு 750க்கு மேல் வரும். வெயில் குறைந்துவிட்டது, இனி பறக்கலாம் என்று நினைக்கிற பருவம் இது. கணக்குப்படி கத்திரி நண்பகலைவிட மோசம். மாடு மேய்ந்த தளத்தில் குளம்புக் குழிகள் காய்ந்து விளிம்பு கட்டியிருக்கும். பைக்கில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் முழு நீளமும் ஓட்டிப் பாருங்கள், முதுகு சொல்லிவிடும்.

தாளில் கணக்குப் போட்டாயிற்று. ஆனால் தாள் எஞ்சினைப் பார்ப்பதில்லை, பிரேக் இறுகிப் பிடிப்பதைப் பார்ப்பதில்லை. அதற்குத்தான் கொடி. சீரான முடுக்கத்தில் ஓடும் எதுவும் ஓட்டத்தின் பாதித் தூரத்தில் இறுதி வேகத்தில் 71 விழுக்காட்டை எட்டியிருக்கும். வேகத்தின் வர்க்கம் தூரத்தோடு ஏறுகிறது என்ற பள்ளிக்கூட இயற்பியல் இது. பாதித் தளத்தில் 70 விழுக்காடு வேகம் வரவில்லை என்றால் நிறுத்து என்று விமானிகள் சொல்லும் விதியின் அடிப்படை இதுதான். உண்மை ஓட்டத்தில் வேகம் ஏற ஏற புரொப்பெல்லரின் இழுவை குறையும், காற்றின் தடை கூடும். ஆகவே முடுக்கம் தேய்ந்துகொண்டே போகும். பாதியில் 70 மட்டுமே கிடைத்தால் முடிவில் 100 கிடைக்காது என்பதே இதன் பொருள். அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. மொத்தத் தளத்தின் பாதியை வைத்து அளந்தால், எல்லாம் சரியாக நடந்தாலும் தளம் முடிகிற இடத்தில்தான் சக்கரம் தரையை விடும். அங்கே பனை நிற்கிறதே. ஆகவே சக்கரம் தரையைவிட்ட பின் 50 அடி ஏற எடுக்கும் தூரத்தை முதலில் கழித்துவிடுங்கள். நம் 400 மீட்டரில் அது 150 என்றால், மிஞ்சுவது 250. அதில் பாதி 125. கொடி அங்கே. எழும்பும் வேகம் 80 என்றால் 70 விழுக்காடு 56 கிலோமீட்டர். வேகமானிக் கண்ணாடியில் 56க்கு நேரே சிவப்பு நாடா ஒட்டிவிடுங்கள். கொடி கண்ணின் ஓரத்தில் கடக்கும்போது முள் நாடாவைத் தாண்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் த்ராட்டிலை மூடுங்கள், அதற்குமேல் யோசனை கிடையாது.

ஏன் அவ்வளவு முன்னால்? நிறுத்துவதற்கும் மீட்டர் வேண்டும் என்பதால். ஈரப்புல்லில் பிரேக் பிடித்தால் வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர் வேகமே குறைகிறது என்று கொள்வோம். காய்ந்த புல்லில் இரண்டு. முடிவெடுத்துக் கை அசைய இரண்டு வினாடி. கொடியருகே 56 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்த முடிவெடுத்தால் ஈரப்புல்லில் 152 மீட்டரில் நிற்கும். தொடக்கத்திலிருந்து 277 மீட்டர், இன்னும் 120 மீட்டருக்கு மேல் தளம் மிச்சம். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று 250 மீட்டர் வரை போய், 75 கிலோமீட்டர் வேகத்தில் மூடினால்? காய்ந்த புல்லில் சரியாக 400வது மீட்டரில், தள முனையின் வேலியை முகர்ந்துகொண்டு நிற்கும். ஈரப்புல்லில் வேலியைத் தாண்டி நூறு மீட்டருக்கும் மேலே போய்விடும். முதல் முடிவுக்கும் இரண்டாவதற்கும் இடையில் கழிந்தது ஏழு வினாடிகூட இருக்காது.

நிறுத்தாமல் போகிறவர் என்ன செய்கிறார்? வேலி நெருங்குகிறது, ஸ்டிக்கை இழுக்கிறார், விமானம் எழும்பியும்விடுகிறது. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. இறக்கையின் முழு நீளத்தில் பாதி உயரத்துக்குள், சிறு விமானத்தில் சுமார் நான்கைந்து மீட்டருக்குள், தரையின் அருகாமை இறக்கை சந்திக்கும் காற்றின் தடையைக் குறைக்கிறது. பறக்கத் தகுதியில்லாத வேகத்திலும் விமானம் மிதக்கும். அந்தக் காற்று மெத்தையைவிட்டு மேலே ஏற முயன்ற கணத்தில் தடை திரும்ப வருகிறது, மூக்கை இன்னும் தூக்கினால் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் இறக்கை தூக்குவதை விட்டுவிடுகிறது. விமானிகள் ஸ்டால் என்பது இது. உலகின் முதல் எஞ்சின் விமானமும் இந்தப் பாடத்தைத் தவிர்க்கவில்லை. 1903 டிசம்பர் 14 அன்று வில்பர் ரைட் மரத் தண்டவாளத்திலிருந்து எழும்பியதும் மூக்கை மிகையாகத் தூக்கினார். மூன்றரை வினாடியில் விமானம் வேகமிழந்து மணலில் விழுந்தது. சேதத்தைச் சரிசெய்து மூன்று நாள் கழித்து, கடும் எதிர்காற்றை முகத்தில் வாங்கி, ஆர்வில் பறந்த 12 வினாடிதான் வரலாற்றில் நின்றது. சைக்கிள் கடையில் கட்டிய அந்த விமானத்தின் முதல் விபத்துக்குக் காரணம் கட்டுமானம் இல்லை. அதை அவர்களே உணர்ந்திருந்ததால்தான் வடிவத்தை மாற்றாமல் பழுது மட்டும் பார்த்தார்கள். மெத்தென்ற தரையில் முன்சக்கரத்தைச் சீக்கிரம் தூக்க வேண்டும் என்பது சரியான உத்தி. ஆனால் தூக்கியபின் தரையை ஒட்டியே மட்டமாகப் பறந்து வேகம் சேர்ப்பது அதன் இரண்டாம் பாதி. முதற்பாதியை மட்டும் கற்றவர்களுக்கு அந்த உத்தி கேடாகிறது.

அனுபவசாலிக்குக் கொடி எதற்கு, இருக்கையிலேயே தெரியுமே என்பார்கள். தெரியாது. நம் உடல் முடுக்கத்தின் தொடக்கத்தை உணரும், அது மெல்லத் தேய்வதை உணராது. குண்டுகுழிப் புல்தரை 50 கிலோமீட்டரை 80 போலக் காட்டும். 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்திருப்பதால், வேகமானி அதே எண்ணைக் காட்டும்போது சக்கரம் தரையில் நான்கு விழுக்காடு அதிக வேகத்தில் ஓடுகிறது. கண்ணை நம்புபவர் அன்றைக்குச் சீக்கிரமே ஸ்டிக்கை இழுப்பார். அனுபவம் அதிகமானவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, இதற்கு முன் இப்படித் தப்பித்த நினைவு. அந்த நினைவில் அன்றைய வெப்பமும் எடையும் எழுதப்பட்டிருப்பதில்லை.

கனமான ஆட்சேபணை எஞ்சினைப் பற்றியது. எழும்பும்போது எஞ்சின் நின்றால் கொடி என்ன செய்யும் என்று கேட்கலாம். தரையை விட்டு நூறு அடி போனபின் எஞ்சின் சுத்தமாக நின்றுபோனால் கொடி ஒன்றும் செய்யாது. மூக்கை உடனே தாழ்த்தி, நேரே எதிரில் உள்ள வயலில் இறங்க வேண்டும், தளத்துக்குத் திரும்ப நினைப்பது தற்கொலை. ஆனால் எஞ்சின்கள் பல நேரம் ஒரேயடியாக நிற்பதில்லை. முதலில் வலு குறையும். அந்தக் குறைவு காதுக்குப் பிடிபடுமுன் முடுக்கத்தில் தெரியும், கொடி அளப்பது முடுக்கத்தைத்தான். நம் நாட்டில் இதற்குப் புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. பங்கில் இன்று கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. சிறு விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் 912 எஞ்சினின் கையேடு 10 விழுக்காடு வரைதான் ஏற்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், சில ரப்பர் குழாய்களையும் தொட்டிப் பூச்சுகளையும் ஊறவைக்கும். வெயிலில் நிறுத்திய எஞ்சினின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் அடைப்பதும் உண்டு. சோதனை எளிது. 100 மில்லி கண்ணாடி அளவுக்குழாயில் 20 மில்லி தண்ணீர், மேலே 80 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி நிற்கவிடுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். தண்ணீர்க் கோடு ஏறத்தாழ 28ஐத் தாண்டினால் அந்தப் பெட்ரோல் 10 விழுக்காட்டைத் தாண்டியது, விமானத்துக்கு ஆகாது. பிறகு பிரேக் பிடித்து முழு த்ராட்டில் கொடுத்து, எஞ்சின் சுற்று எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் ஒரே நோட்டில் எழுதி வாருங்கள். சென்ற வாரத்தைவிடக் குறைந்திருந்தால் அன்று ஓட்டமே வேண்டாம்.

வேகத்தோடு நிறுத்தினால் தளம் கடந்து போய் விமானம் நொறுங்குமே, மேலே போனாலாவது பிழைக்கலாமே என்பது பயத்திலிருந்து வரும் வாதம். அதை ஏளனம் செய்ய மாட்டேன், ஆறு வருடம் கட்டிய பொருள் கண்ணெதிரே உடைவதை யாரும் விரும்புவதில்லை. ஆனால் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரப்பில் ஏறும் விமானத்துக்கும் 80 கிலோமீட்டர் வேகத்தில் மூக்குக்குத்தி விழும் விமானத்துக்கும் மோதும் ஆற்றலில் ஏழு மடங்கு வேறுபாடு. முதலாவதில் சக்கரக்கால் வளையும், புரொப்பெல்லர் உடையும், மனிதர் இறங்கி நடப்பார். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நம் பக்கத்தில் அது முக்கியம்: கைப்பிடிச் சுவரில்லாத தரைக்கிணறு. மல்லாட்டைக் கொல்லையில் முட்புதர் மூடிக் கிடக்கும் பழங்கிணறு விமானத்திலிருந்து தெரியாது. தளத்தின் இரு முனைக்கும் அப்பால் 200 மீட்டர் நடந்து, கிணறு, மின்கம்பி, ஏரி வாய்க்கால், பம்ப் செட் கொட்டகை எல்லாவற்றையும் தாளில் வரையாமல் எந்த முனையிலிருந்தும் எழும்பக் கூடாது. தாண்டி ஓடுவதற்கு ஒரு பக்கம்தான் பாதுகாப்பு என்றால், காற்று மாறும் நாளில் பறப்பு இல்லை.

கொடிக்குக் கீழ்ப்படிவது யார் என்பது கணக்கைவிடக் கடினம். கட்டியவரே ஓட்டும்போது, நிறுத்துவது என்பது தன் வேலைக்குத் தானே மதிப்பெண் குறைப்பதாகத் தோன்றும். ஊர் கூடி நிற்கும்போது இன்னும் மோசம். தொடக்க ஓட்டங்களில், விமானத்தைக் கட்டாத ஒருவர், அந்த ரக விமானத்தில் பழகியவர், ஓட்டட்டும். கட்டியவர் கொடியருகே நிற்கட்டும், கையில் வானொலிக் கருவியோடு. முள் நாடாவைத் தொட்டதா என்று அவரால் பார்க்க முடியாது. ஆனால் வால் ஆடுகிறதா, சக்கரத்தில் சேறு ஒட்டுகிறதா, புகை நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார். நிறுத்து என்று அவர் ஒரு சொல் சொன்னால் விவாதம் இல்லாமல் த்ராட்டில் மூடப்பட வேண்டும், காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். கூட்டத்தை அழைக்காதீர்கள். சொந்தக்காரர்களையும்தான்.

அனுமதியைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, அது அடுத்த இயலின் வேலை. 2025 ஜனவரி 1 முதல் பழைய 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவும் பறப்பு அனுமதியும் இல்லாமல் சக்கரம் தரையைவிடுவது குற்றம். உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறதே, அங்கே ஓட்டிப் பார்க்கலாமே என்று விழுப்புரம் பக்கத்து ஆர்வலர்களுக்குத் தோன்றுவது இயல்பு. கேட்பாரற்றுக் கிடப்பதும் அனுமதியும் வேறு வேறு. எழுதிக் கேட்டுப் பெறுங்கள்.

நிறுத்திய ஓட்டத்துக்குப் பின் என்ன செய்வது என்று சொல்லி இந்த இயலை முடிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாவது முயற்சி முதலாவதைவிட ஆபத்தானது. எஞ்சின் கொதித்திருக்கும், பிரேக் சூடேறியிருக்கும், வெயில் ஒரு டிகிரி கூடியிருக்கும், மனம் அவசரப்படும். திரும்பி வந்து உடனே ஓடாதீர்கள். கொட்டகையில் நிறுத்தி, ஏன் 56 வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் கையில் கிடைக்கும்வரை சாவி சட்டைப்பையில் இருக்கட்டும். காரணம் கிடைத்தபின் விமானத்தை மாற்றுவதற்கு முன் நேரத்தையும் சுமையையும் மாற்றிப் பாருங்கள். மாசி மாத விடியலில் 25 டிகிரி, காய்ந்த புல், பக்கத்து இருக்கை காலி, தொட்டியில் பாதிப் பெட்ரோல், அதாவது வடிவமைப்பு எடையைவிட 10 விழுக்காடு குறைவு. 250ஐ 1.1 ஆல் பெருக்கினால் 275, தள உயரத்துக்கு 283, புல்லுக்கு 340, எடை குறைந்ததற்கு 1.2 ஆல் வகுத்தால் மீண்டும் 283. பாதுகாப்பு எண்ணோடு 377. கத்திரி நண்பகலில் 626 கேட்ட அதே விமானம் அதே 400 மீட்டரில் 23 மீட்டர் மிச்சம் வைத்து எழும்புகிறது. பக்கத்து இருக்கையில் ஆளை ஏற்றி எடையை வடிவமைப்பு அளவுக்குக் கொண்டுவந்தால் அதே விடியலில் 452, தளம் போதாது.